இன்னைக்கு என்ன மரக்கறி, டீச்சர்?

புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமாரே,

புள்ளக் காம்பராவின் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சிரிக்காதீர்கள். நான் சொல்ல வந்ததே அந்த ‘நினைக்கிறேன்’ பற்றித்தான்.

இந்த இடத்துக்குப் பலகையில் எழுதியிருக்கும் பெயர் நீளமானது. சிறுவர், அபிவிருத்தி, நிலையம் என்று மூன்று சொல். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அம்மா காலையில் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளையை விட்டுவிட்டு, மாலையில் தராசில் கொழுந்து நிறுத்த பிறகு வந்து அழைத்துப்போகும் இடம் புள்ளக் காம்பரா, அவ்வளவுதான். பால்மா கரைப்பது, காய்ச்சல் பார்ப்பது, பிள்ளைகளைத் தூங்க வைப்பது எல்லாம் பயிற்சியில் படித்திருப்பீர்கள். என்னை விட நன்றாகவே செய்வீர்கள். பயிற்சியில் சொல்லாத ஒரு சட்டம் மட்டும் இங்கே உண்டு. காலையில் பிள்ளையைக் கொடுத்த கைக்குத்தான் மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு கை வருவதென்றால், கொடுத்த கை காலையிலேயே அந்த ஆளைக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். சித்தியாக இருந்தாலும் சரி, சாமியாக இருந்தாலும் சரி.

இந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. மீறிவிட்டதாக நினைத்துத்தான் பாதி ஆயுளைக் கழித்தேன்.

முதலில் கதவு.

மாலையில் கடைசிப் பிள்ளையும் போன பிறகு கதவைப் பூட்டுவேன். பூட்டை இழுத்துப் பார்ப்பேன். வாசல் படலையைத் தாண்டிப் பத்தடி நடந்தால் மனசுக்குள் ஒரு குரல் கேட்கும்: ‘பூட்டினாயா?’ பூட்டினேன். ‘அது இன்றைக்குப் பூட்டியதா, நேற்றுப் பூட்டியதா?’ அங்கேதான் மாட்டிக்கொள்வேன். ஒரே கதவு, ஒரே பூட்டு, ஒரே கை. நேற்றைய நினைவுக்கும் இன்றைய நினைவுக்கும் ஒரே முகம். திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். இழுத்துப் பார்த்த நினைவும் உடனே பழைய நினைவுகளோடு போய்க் கலந்துவிடும். மறுபடி திரும்புவேன். மலையிலிருந்து இறங்கி வருபவர்கள், நான் ஏதோ நேர்த்திக்கடனுக்குப் புள்ளக் காம்பராவைச் சுற்றி வருகிறேன் என்று நினைத்தார்கள்.

படித்தவள் அல்லவா, ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். பூட்டும்போது நாளுக்கொரு மரக்கறியின் பெயரைச் சத்தமாகச் சொல்வது. ‘இன்று கரட்’ என்று சொல்லிப் பூட்டினால், வழியில் சந்தேகம் வந்தால் கரட் நினைவுக்கு வரும். ஆகவே பூட்டியது இன்றைக்குத்தான். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. மலைக்குப் போகும் பெண்களுக்கு என்னைவிட நல்ல காது.

“டீச்சர், இன்னைக்கு என்ன மரக்கறி?”

“பீட்ரூட்.”

“நேத்தும் பீட்ரூட்தானே? கறிய மாத்துங்க டீச்சர், வீட்டுல சார் பாவம்!”

அவள் சும்மா சொன்னாள். எனக்கு உயிர் போய்விட்டது. நேற்றும் பீட்ரூட் என்றால், எனக்கு நினைவிருக்கும் பீட்ரூட் எந்த நாளுடையது? திரும்பி ஓடினேன். பின்னால் ஒரு பட்டாளமே சிரித்தது.

மரக்கறி தீர்ந்தது. நுவரெலியாச் சந்தையில் இருப்பதெல்லாம் சொல்லி முடித்து, கருவாட்டு வகைகளுக்குப் போனேன். பிறகு பழையபடி மரக்கறிக்கே திரும்பினேன். ஒருநாள் பூட்டை அமுக்கி “கோவா!” என்று நான் கத்தியபோது, மலை வேலையை மேற்பார்க்கப் புதிதாக வந்த கண்டாக்கையா படலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது; முட்டைக்கோஸ் போல வழவழப்பு. அதன்பின் பல மாதம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. விளக்கம் சொல்லலாம்தான். என்ன விளக்கம் சொல்வது?

இத்தனைக்கும் கதவு ஒருநாளும் பூட்டாமல் கிடந்ததில்லை. அதுதான் வேடிக்கை.

கதவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். பூட்டு களவு போனால் பூட்டு வாங்கலாம். சந்தேகம் மெல்ல நகர்ந்து பிள்ளைகள் மேல் வந்து உட்கார்ந்தது.

புவனா என்றொரு பெண். நன்றாகக் கொழுந்தெடுப்பாள், அதைவிட நன்றாகச் சண்டை போடுவாள். அவளுடைய மகன் தனு; இரண்டு வயது. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் புவனா உறவை முறித்துவிட்டாள். அவன் விட்டது புவனாவை மட்டும்தான், பிள்ளையை விடவில்லை. பூண்டுலோயாவில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குத் தனுவைக் கொண்டுபோய்விடப் போவதாகச் சொல்லித் திரிந்தான்.

ஒருநாள் காலை தனுவை என் இடுப்பில் வைத்துவிட்டுப் புவனா சொன்னாள். “டீச்சர், அந்த ஆளு வந்தா மட்டும் குடுத்துறாதீங்க. பூண்டுலோயாவுக்குக் கொண்டுட்டுப் போயிட்டான்னா, நான் எம் புள்ளைய பொலிஸ்லயும் கோட்லயும்தான் பாக்கணும்.”

“நீ நிம்மதியாப் போ. உன் கையில மட்டுந்தான் குடுப்பேன்” என்றேன்.

அவள் நிம்மதியாகப் போனாள். அதோடு என் நிம்மதியும் போனது.

பிறகு வந்தது திருவிழா கிழமை. நல்ல மழை. மலையிலிருந்து இறங்கும் எல்லோருக்கும் மழைக்காகத் தலையிலிருந்து முதுகுவரை கறுப்புப் பொலித்தீன் கொங்காணி. உள்ளே இருப்பது மனுசியா மரமா என்று தெரியாத மூடுபனி. ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக் கொடுத்தேன். கதவைப் பூட்டினேன். அன்றைய மரக்கறி லீக்ஸ். வீட்டுக்கு வந்து பிளேன்டீயில் ஒரு வாய் வைத்தேன்.

‘தனுவை யாரிடம் கொடுத்தாய்?’

புவனாவிடம்.

‘முகத்தைப் பார்த்தாயா?’

கொங்காணியைப் பார்த்தேன். கை நீண்டது. அந்தக் கையில் வளையல் இருந்ததா? புவனாவின் கை அவ்வளவு பெரிதா? யோசிக்க யோசிக்க அந்தக் கை வளர்ந்தது. இரண்டாவது வாய் குடிப்பதற்குள் அதில் மயிர் முளைத்து, கடிகாரமும் கட்டிக்கொண்டது. பதிவேடு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதில் நானே போட்ட கையெழுத்தைக்கூட நம்பாதவள் நான்.

குடையைக்கூட எடுக்காமல் புவனாவின் லயத்து வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு எதுவும் தெரியவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கோயிலில் திருவிழாவுக்கு மைக் கட்டியிருந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லி, பூசகர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

“ரெண்டு வயசு ஆம்பளப் புள்ளையைக் காணோம்! சிவப்பு சுவெட்டர் போட்டிருக்கு! யாராவது பாத்தா உடனே கோயிலுக்குக் கொண்டு வாங்க!”

மலைக்கு மலை எதிரொலித்தது. என் குரல் எனக்கே கம்பீரமாக இருந்தது.

சிவப்பு சுவெட்டர் என்று சொல்லும்போது ஒன்று மறந்துவிட்டேன். அந்த வருஷம் புள்ளக் காம்பராவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி சிவப்பு சுவெட்டர்தான் கொடுத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கோயில் வாசலில் சிவப்பு சுவெட்டர்கள் வந்து குவிந்தன. மேல் டிவிசனிலிருந்து ஒருவர் தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்தார். சொந்த வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிவந்த வீரர் ஒருவர். பிள்ளைகளைத் தேடி அம்மாக்கள். அம்மாக்களைத் தேடி அப்பாக்கள். எனக்கு வேண்டிய பிள்ளை மட்டும் அதில் இல்லை.

இளந்தாரிகள் இரண்டு ஆட்டோவில் கிளம்பி, மஸ்கெலியாவிலிருந்து வந்துகொண்டிருந்த பஸ்ஸை நடுவழியில் மறித்தார்கள். உள்ளே சிவப்பு சுவெட்டரோடு தனு. அவனை மடியில் வைத்திருந்தது புவனா. திருவிழாவுக்கு அவனுக்குச் சப்பாத்து வாங்கப் போயிருந்தாள். இளந்தாரிகள் பாதி விசயம் மட்டும் கேட்டவர்கள். பிள்ளையைத் திருடியவள் அகப்பட்டாள் என்று தாயையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய புவனா இடுப்பில் கையை வைத்தாள். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை.

“எம் புள்ளைய எங்கையில தூக்கிக் குடுத்துட்டு, நானே களவாண்டுட்டுப் போயிட்டேன்னு மைக்குல சொல்றீங்களா டீச்சர்? ‘சப்பாத்து வாங்கப் போறோம், பஸ்ஸுக்கு நேரமாச்சு’ன்னேன். ‘ஒரு அளவு பெரிசாப் பாத்து வாங்கு’ன்னு நீங்கதானே சொன்னீங்க!”

அதையும் எல்லா மலையும் எதிரொலித்தது. தனு காலை நீட்டிப் புதுச் சப்பாத்தைக் காட்டினான். ஒரு அளவு பெரிதுதான்.

கண்டியில் படிக்கும் என் மகளுக்கு அன்று இரவே வீடியோ போய்விட்டது. வார இறுதியில் வந்தாள். திட்டவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, நான் கண்டிக்குப் போன புதுசுல, ரூமுக்குப் போய்ச் சேந்துட்டேன்னு சொன்ன பிறகும் எத்தனை தரம் போன் பண்ணிக் கேப்பீங்க, ஞாபகம் இருக்கா?”

“அது பாசம்டி.”

“பாசம் ஒருதரம் கேக்கும். இது வருத்தம், ஒரு நோய். மருந்து இருக்கிற வருத்தம். வாங்க போவோம்.”

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஒரு சிங்கள டாக்டர் அம்மா. தமிழ் நன்றாகவே பேசினார். என் கதை முழுவதையும் கேட்டார். கோவா வந்த இடத்தில் மட்டும் பேனையால் வாயை மறைத்துக்கொண்டார். இதற்கு ஓசிடி என்று பெயர் சொன்னார். எனக்கு ஞாபகசக்தி கெட்டுவிட்டது என்று மருந்து எழுதுவார் என எதிர்பார்த்திருந்தேன்.

“ஞாபகம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். நம்பிக்கைதான் இல்ல. தோட்டத்து ஆள்தானே நீங்க? ஒரே தேயிலையில திரும்பத் திரும்பச் சுடுதண்ணி ஊத்தினா சாயம் வருமா?”

“வராது. வெளிறிப் போகும்.”

“ஹரி, சரியாச் சொன்னீங்க. நீங்க ஒவ்வொரு தரம் போய்ப் பாக்கும்போதும் அதைத்தான் செய்றீங்க. இனிமேப் பூட்டுங்க, போங்க. மரக்கறி வேணாம். கேள்வி வரும். வரட்டும். பதில் சொல்லாதீங்க.”

“அப்ப பூட்டினேனா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது” என்றார் அந்த அம்மா, சாதாரணமாக. “தெரியாமலே வீட்டுக்குப் போய்ச் சமைங்க.”

இவ்வளவு படித்தவர் இப்படியா சொல்வார் என்று எனக்குக் கோபம். மருந்தும் கொடுத்தார், ஒழுங்காகக் குடித்தேன். ஆனால் கடினமான மருந்து அந்தத் ‘தெரியாது’தான். முதல்நாள் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தபோது, நெருப்புப் பற்றிய வீட்டை விட்டு நடந்து போவது போல இருந்தது. வீட்டில் கறிக்கு உப்புப் போட்டேனா என்றும் தெரியவில்லை. அதைமட்டும் ருசி பார்க்க டாக்டர் அனுமதித்திருந்தார்.

பல மாதம் போனது. குரல் போகவில்லை, சத்தம் குறைந்தது. அப்போதுதான் அவன் வந்தான்.

மத்தியானம். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தகரத்தில் மழை கொட்டியது. படலைக்கு வெளியே நல்ல சட்டை, நல்ல குடை, கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. தனுவின் அப்பா. நான் அவனைக் கல்யாணப் படத்தில்தான் பார்த்திருந்தேன். பார்த்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

“டீச்சர், தனுவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“புவனா வரட்டும்.”

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, இரக்கப்பட்ட சிரிப்பு. “மறந்துட்டீங்களா டீச்சர்? போன வெள்ளிக்கிழமையும் நாந்தானே வந்தேன்? நாங்க சமாதானமாயிட்டோம். நீங்கதான் தூக்கிக் குடுத்தீங்க. தலை நனைஞ்சிருக்குன்னு துவாயால தொடச்சுக்கூட விட்டீங்க.”

“நானா?”

“பரவாயில்ல டீச்சர். உங்க ஞாபகம் எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். மைக்குல பேசினது கொழும்பு வரைக்கும் வந்துச்சு.”

தங்கச்சிமாரே, அந்த நேரம் நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். அவன் துவாய் என்று சொன்னதும் எனக்குத் துவாய் தெரிந்தது. நீலக்கரை போட்ட துவாய். தனுவின் ஈரமுடி. அப்பனுடைய செண்டு வாசம். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் காலில் பட்ட குளிர். எல்லாம் வந்துவிட்டது. ‘ஆமாம், கொடுத்தேன்’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சத்தம் கேட்டுத் தனு எழுந்து வந்துவிட்டான். “அப்பா!” என்று படலைக்கு ஓடினான். அவனைத் தூக்கிக்கொண்டேன். என் தோள்மேலிருந்து அவன் அப்பாவிடம் கையை நீட்டினான்.

“பாருங்க, புள்ளையே வருது. இந்தாங்க, புவனாகிட்டயே பேசுங்க.” போனை நீட்டினான்.

தகரத்து மழையில் ஒரு பெண்குரல். “குடுத்து விடுங்க டீச்சர், நாந்தான் சொல்றேன்.” புவனா போலவும் இருந்தது. இல்லாதது போலவும் இருந்தது. பழைய நானாக இருந்தால் அந்தக் குரலைத் தலைக்குள் வைத்து அரைத்து, நீலத் துவாயைப் பிழிந்து, போன வெள்ளிக்கிழமையை அணு அணுவாகத் தேடியிருப்பேன். தேடி முடிப்பதற்குள் அவன் பஸ் ஏறியிருப்பான்.

அப்போது டாக்டர் அம்மாவின் அந்தச் சாதாரணமான முகம் நினைவுக்கு வந்தது. தெரியாது. தெரியாமலே சமை.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். “தம்பி, நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். போன வெள்ளிக்கிழமை நான் குடுத்திருக்கலாம். எனக்குத் தெரியாது.”

“அதான் சொல்றேனே!”

“அது போன வெள்ளிக்கிழமை. இன்னைக்குக் காலையில தனுவை எங்கையில குடுத்தது புவனா. எனக்கு அது போதும். அவ வரட்டும்.”

அவன் சிரிப்பு நின்றது. குரல் உயர்ந்தது. “நான் பெத்த புள்ள! உங்களுக்கு மூளை சரியில்லன்னு தொரைகிட்டப் போய்ச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க. ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. தொரை பங்களா மேல இருக்கு, படி வழுக்கும், பாத்துப் போங்க.”

அப்படிச் சொன்னது நானா என்று இன்னும் எனக்குச் சந்தேகம். சொன்னதாகத்தான் பக்கத்து லயத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

தனுவை இடுப்பில் வைத்தபடியே கண்டாக்கையாவுக்குப் போன் அடித்தேன். கோவாவுக்குப் பிறகு அவரிடம் நான் கேட்ட முதல் உதவி. “புவனாவை உடனே அனுப்புங்க” என்றேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, அனுப்பினார்.

காத்திருந்த நேரம் அவன் போகவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தனு பிஸ்கட் கேட்டான். படலையைத் திறக்காமல், கம்பிகளுக்கு நடுவால் அப்பா ஊட்டினான், மகன் தின்றான். மகனின் வாயோரத்துத் தூளை விரலால் துடைத்தும் விட்டான். அதையும் நீங்கள் பார்க்கத்தான் வேண்டும். பிள்ளை யாருக்கு என்பதைக் கோர்ட் சொல்லட்டும். நமக்கு அந்த வேலை இல்லை. கொடுத்த கை வரும்வரை பிடித்திருப்பது மட்டுமே நம் வேலை.

கொழுந்துக் கூடையை மலையிலேயே போட்டுவிட்டு, கொங்காணி காற்றில் பறக்கப் புவனா ஓடிவந்தாள். இந்தமுறை முகத்தைப் பார்த்தேன். பிள்ளையைக் கொடுத்தேன்.

“போன வெள்ளிக்கிழமை நான் இவர்கிட்ட...” என்று ஆரம்பித்தேன்.

“வெள்ளிக்கிழமையா? வெள்ளிக்கிழமை தனுவுக்கு ஊசி போட கிளினிக் போயிட்டோமே டீச்சர்! அன்னைக்குத் தனு புள்ளக் காம்பராப் பக்கமே வரல!”

அவன் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனான். பிஸ்கட் பெட்டி படலையில் தொங்கியது.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். தப்பித்தோம் என்ற நிம்மதி அல்ல. அந்தத் துவாய். அதன் நீலக்கரை. பிள்ளையே வராத ஒரு நாளில் அந்தப் பிள்ளையின் தலையை நான் துடைத்திருக்கிறேன், வாசத்தோடு, குளிரோடு. இன்னொருவன் ஒரு வரி சொன்னதும் என் மனசு மிச்சப் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை. நினைவு தெளிவாக இருப்பதனால் மட்டும் அது நடந்ததாகிவிடாது. மங்கலாக இருப்பதனால் நடக்காததாகியும் விடாது. பிள்ளையை வைத்துக்கொண்டு படலையில் நிற்கும்போது உங்களிடம் யாராவது ‘ஞாபகம் இல்லையா?’ என்று கேட்டால், ஞாபகத்தைத் தேடிப் போகாதீர்கள். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். தெரியாது என்று சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள்.

அன்று மாலை கதவைப் பூட்டிவிட்டு இறங்கினேன். படலை தாண்டிப் பத்தடியில் குரல் வந்தது, புதுச் சரக்கோடு: ‘புவனா வெள்ளிக்கிழமை என்றா சொன்னாள்? வியாழன் என்று சொல்லியிருந்தால்?’ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாட்சி, தீர்ப்பு எல்லாம் கையில் கொடுத்தும் அதற்குப் பசி தீரவில்லை. இனி அதற்கு என்ன கொடுத்து என்ன?

எதிரே கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் வழக்கம்போல ஆரம்பித்தார்கள். “பூட்டியாச்சா டீச்சர்?”

“தெரியாது” என்றேன். நடந்துகொண்டே இருந்தேன்.

“என்னடி இது, தெரியாதாம்!” என்று பின்னால் ஒருத்தி பதறினாள். “யாராவது போய்ப் பாருங்கடி!”

யாரோ போய்ப் பார்த்தார்கள். நான் போகவில்லை.

இப்போது சாவி உங்களிடம். ஓய்வு பெற்றவளுக்கு மாலையில் கால் தானாக இந்தப் பக்கம் இழுக்கும். நான் வந்து படலையில் நின்று, “கதவு பூட்டியாச்சா தங்கச்சி?” என்று கேட்டால் தயவுசெய்து பதில் சொல்லாதீர்கள், பாவம் பார்த்து “ஆமா டீச்சர்” என்றுகூடச் சொல்லக்கூடாது. “இன்னைக்கு வீட்டுல என்ன மரக்கறி?” என்று கேட்டு என்னைச் சமைக்க அனுப்பிவிடுங்கள்.